தெரேசாவின் குரலுக்கு அருளானந்தம் வாங்கிய பெட்டி

அருளானந்தம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அன்னவாசலில் என் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. அவர் மகள் அமலிதான் போனில் கூப்பிட்டாள். "பெரியம்மா, அப்பா போயிட்டாங்க" என்றாள். மடியில் கிடந்த கடலையை உடைத்து முடித்து, பருப்பை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் அள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். அந்த மனிதர் பதறிக்கொண்டு ஓடி வருவார் என்று நான் வழி பார்த்திருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது அவர் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் நானும் எழுத வேண்டும் என்று அமலி கேட்டாள். பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்துவிட்டாராம். கோயிலில் பாடும் பிள்ளைகளும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எல்லோரும் நல்லவர், தங்கமானவர் என்றே எழுதியிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அலங்காரமாக எழுத வராது, மறக்கவும் வராது. அதை அவளிடம் சொன்னேன். "மறக்காததையே எழுதுங்க பெரியம்மா. அந்த அப்பாவும் அதுல இருக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருளானந்தம் என் தங்கை தெரேசாவின் கணவர். வயதில் எனக்கு இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை மதினி என்பார். ஆவூர்ப் பக்கத்தில் வேதக்காரக் குடும்பம். ஐ.டி.ஐ. படித்தவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தவர்களை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அனுப்பமாட்டார். இவையெல்லாம் உண்மை. உண்மையில் எதையும் நான் குறைக்கப் போவதில்லை.

அவருடைய காதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்தன்று கோயிலில் தாலி கட்டி, மாலையோடு பந்தலுக்கு வந்து உட்கார்ந்தவர், திடீரென்று எழுந்து மைக் செட்டுக்காரரிடம் போய்விட்டார். மாப்பிள்ளை எங்கே போகிறார் என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். அவர் குனிந்து ஏதோ ஒரு ஒயரைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன தம்பி என்று கேட்டேன். "வடக்குக் கொழாயில ஒரு உறுமல் இருந்துச்சு மதினி. உங்க யாருக்கும் கேக்கலையா?" என்றார். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்டது. பின்னாளில் எங்கள் ஊரில் இயேசு பாடுபட்ட கதையைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எந்த ஸ்பீக்கரில் எந்த இரைச்சல் என்று சொல்வார். அப்படிப்பட்ட காது. இதைப் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி அமலி வயிற்றில் இருக்கும்போதே மஸ்கட்டுக்குப் போய்விட்டார், ஏசி மெக்கானிக் வேலைக்கு. முதல் லீவில் வந்தபோது ஒரு டேப்ரெக்கார்டர் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். யாராவது ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். அங்கிருந்தும் அப்படியே வரும். தெரேசா தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். பொத்தானை அமுக்குகிற வேலை எனக்கு. "என்னங்க, நான் தெரேசா பேசுறேன்" என்று தொடங்குவாள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, அமலிக்குப் பல் முளைத்தது, யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் சண்டை, எல்லாம் சொல்வாள். முடிக்கும்போது ஒரு பாட்டுப் பாடுவாள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலமென்றால் மாதாவின் புலம்பலைப் பாடுவாள். அவள் பாடினால் ஆட்டைக் கட்டப் போகிறவர்கள்கூட நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

அமலி நடக்கத் தொடங்கிய பிறகு தெரேசாவுக்கு இளைப்பு வந்தது. முதலில் ஈரக் காற்றுக்கு என்றார்கள். பிறகு வெயிலிலும் வந்தது. புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். ஆனாலும் கேசட்டு பேசும் நாளில் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள், அவர் பார்க்கப் போகிற மாதிரி. "இருமல் வந்தா பொத்தானை அமுக்கிரு அக்கா. அவுகளுக்குக் கேக்கக் கூடாது" என்பாள். அவள் சொன்னபடி இருமல் வரும்போதெல்லாம் நிறுத்துவேன். அடங்கியதும் தலையை ஆட்டுவாள், மறுபடி அமுக்குவேன்.

ஒரு கேசட்டின் கடைசியில், அவள் எழுந்து போன பிறகு, நான் பேசினேன். தம்பி, தெரேசாவுக்கு முடியவில்லை, மூச்சு நிற்காமல் இளைக்கிறது, லீவு போட்டு வந்துவிடுங்கள் என்று சொன்னேன். பதில் கேசட்டு வந்தது. அவர் சொன்னது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "மதினி சும்மா பயப்படுறாங்க. உன் கொரலு கணீர்னு இருக்கு தெரேசா. எளைப்பு கிளைப்பு எதுவும் எனக்குக் கேக்கல. காண்ட்ராக்ட் முடிஞ்சதும் வாரேன்."

அதைக் கேட்டு என் தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "பாத்தியாக்கா, அவுகளுக்குக் கேக்கல" என்றாள், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

அடுத்த தபசு காலத்தில் அவள் போய்விட்டாள். தந்தி கொடுத்தோம். அவர் வந்து சேர்ந்தபோது குழிமேட்டு மண் காய்ந்து வெடித்திருந்தது. வாசலில் என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் சொல்லவே இல்லையே மதினி." நான் சொன்னேனே தம்பி என்றேன். "எனக்குக் கேக்கலையே" என்றார். அழுதார். நன்றாகவே அழுதார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அமலி என் வீட்டில் வளர்ந்தாள்.

அவர் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்கப் பலர் வந்தார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். அமலியை நன்றாகப் படிக்க வைத்தார். அவளுக்குக் கல்யாணமான பிறகு ஊரோடு வந்து வீடு கட்டினார். அந்த வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை. தெரேசா பேசின கேசட்டுகளை எல்லாம் மஸ்கட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தது அமலியின் வீட்டுக்காரர்.

ஒரு நாள் அன்னவாசலுக்கு வந்தார். மெட்ராஸுக்குப் போக வேண்டும், மதினி கூட வர வேண்டும் என்றார். எதற்கு என்றேன். ஹெட்போனில் கேட்பதற்கு நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கப் போகிறேன், தெரேசாவின் குரல் எதில் சரியாக வருகிறது என்று பார்த்து வாங்க வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் என்ன என்றேன். "ஸ்பீக்கர்னா தெருவே கேக்கும். இது தெருவுக்குப் பேசுனது இல்ல மதினி" என்றார். பிறகு சொன்னார்: "அவ கொரலு எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆளு இப்ப நீங்க மட்டும்தான். நான் கூட இருந்த நாளு கம்மி." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன்.

ரயிலில் அந்தப் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பழைய ரேடியோவில் இருக்குமே வால்வு, அது மட்டும் வைத்தால் சூடும் செலவும் அதிகம். டிரான்சிஸ்டர் மட்டும் வைத்தால் சத்தம் வறட்டுச் சத்தமாக இருக்கும். இது இரண்டும் கலந்தது. உள்ளே வருகிற குரலை வால்வு வாங்கிக்கொள்ளும், காதுக்குத் தள்ளுகிற வேலையை டிரான்சிஸ்டர் பார்த்துக்கொள்ளும். பாலைக் காய்ச்சுகிறவள் ஒருத்தி, ஆற்றிக் கொடுக்கிறவள் இன்னொருத்தி, அப்படித்தானே என்றேன். அதேதான் மதினி என்று சந்தோஷப்பட்டார். அன்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

கடை ஒரு மாடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஏசி, தரை முழுக்கக் கம்பளம், பூசை நேரத்துக் கோயில் மாதிரி அமைதி. முதலாளியும் மெதுவாகத்தான் பேசினார். தம்பி அவசரப்படவில்லை. பாட்டு எதுவும் போடாமல் வெறுமனே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து தன்னால் இரைச்சல் வருகிறதா என்று பார்த்தார். சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒரு காதில் மட்டும் கம்மியாகிறதா என்று பார்த்தார். மேலே கையை வைத்துச் சூடு பார்த்தார். எங்கள் ஊர் கரண்டு ஏறி இறங்கும், தாங்குமா என்று கேட்டார். கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று முழுக்கக் கறுப்பு. இன்னொன்றுக்குப் பக்கத்தில் மரப்பலகை வைத்து, மேலே வால்வுகள் வெளியே தெரிந்தன. இரண்டும் கலப்புதான். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் கறுப்புப் பெட்டியில் ஹெட்போனைச் செருகி என் காதில் மாட்டினார்கள். சிரட்டை மாதிரி இரண்டு காதையும் மூடியது. தெரேசா பேசினாள். என்னங்க, நான் தெரேசா பேசுறேன்.

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. வெளியே எங்கள் அம்மா உலக்கை போடுகிற சத்தம் கேட்டது. உலக்கைச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் நடுவில், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால், அவள் மூச்சைத் தேடி எடுக்கிறாள். எடுத்தது போதாமல் சொல்லைப் பாதியில் விழுங்குகிறாள். அடித்தொண்டையில் ஒரு சீழ்க்கை. சிரிக்கிற இடத்தில்கூட அது நிற்கவில்லை. எத்தனை காலம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதோ, எவனோ செய்த ஒரு பெட்டி எனக்குச் சாட்சி சொல்கிறது. ஹெட்போனைக் கழற்றி, "இதான் தம்பி. இது தெரேசாதான்" என்றேன்.

அடுத்து மரப்பெட்டி. அதே பேச்சு. ஆனால் குரல் வேறு. எண்ணெய் தேய்த்து விட்ட மாதிரி வழவழவென்று வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் பாடிக்கொண்டிருந்த தெரேசா. மூச்சு இளைப்பது எங்கோ அடியில் அமுங்கிக் கிடந்தது. தெரிந்து தேடினால்தான் அகப்படும். பழைய கேசட்டுக்கு இதுதான் பொருத்தம், கரகரப்பை எல்லாம் மழுப்பிவிடும் என்று முதலாளி சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது கரகரப்பு.

"இது அவ கொரலு இல்ல தம்பி" என்றேன்.

"இதுலதான் மதினி அவ நல்லா இருக்கா."

"நல்லா இல்லாதப்ப பேசுனது அது."

அவர் முகம் சுருங்கியது. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்கதானே இருமல் வந்தா நிறுத்துனீங்க."

"இருமலை நிறுத்தப் பொத்தான் இருந்துச்சு. மூச்சை நிறுத்தப் பொத்தான் இல்ல" என்றேன்.

முதலாளி மெதுவாக எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். தம்பி கறுப்புப் பெட்டியின் ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு வருகிற இடத்துக்கு முன்னாலேயே கழற்றிவிட்டார். கேட்டதா என்றேன். "கேக்கல மதினி" என்றார். பந்தலில் மாலையோடு எழுந்துபோய் உறுமலைக் கண்டுபிடித்த மனிதர். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, மரப்பெட்டியைப் பேக் பண்ணச் சொன்னார்.

திரும்பி வரும்போது விழுப்புரத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. அது ஆடை கட்டி ஆறிப்போனது.

அதன் பிறகு திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்குப் போவேன், அடுப்படியோடு வந்துவிடுவேன். அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெட்டியைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பொண்டாட்டி குரலைக் கேட்கிறதுக்கு இப்படி ஒரு மனுசனா என்று ஊரே மெச்சியது. மெச்சுகிறவர்கள் வாயை நான் பொத்த முடியுமா. ஆனால் ஒரு முறை அமலி கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அம்மா கொரலு எவ்வளவு நல்லா இருக்கு பெரியம்மா. முடியாதவங்க மாதிரியே இல்ல. நீங்கதான் ரொம்ப முடியாம இருந்தாங்கன்னு சொல்லுவீங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அவர் தனக்கு வேண்டியபடி ஒரு தெரேசாவைச் செய்துகொண்டு போகட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது பிள்ளைக்கும் அதே தெரேசாவைக் கொடுத்துவிட்டார். மூச்சுக்கு அல்லாடிக்கொண்டே முகம் கழுவிப் பொட்டு வைத்துப் பேசினாளே, அந்தத் தாய் அவளுக்கு இல்லாமலே போய்விட்டாள். என் சொல் பொய்யாகிவிட்டது. அதைவிட, என் தங்கை பட்டது பொய்யாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் தம்பிக்கே நெஞ்சில் நீர் கோத்தது. பார்க்கப் போயிருந்தேன். மத்தியான நேரம், அமலி அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஹெட்போன் பாரமாகிவிட்டதால் அந்த அறைக்குப் போவதையே விட்டிருந்தார். கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தார். பேசப் பேச மூச்சு வாங்கியது. என்னை உட்காரச் சொன்னார்.

"கேட்டுச்சு மதினி" என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

"எளைப்பு வந்தப்பறம் பேசுன மொத கேசட்டுலயே கேட்டுச்சு. ரூம்ல எல்லாரும் தூங்குனப்பறம் காதுல வச்சுத்தான் கேப்பேன். நீங்க சொல்றதுக்கு முந்தியே தெரியும். வந்தா அந்த வேலை போயிரும், திரும்பி உள்ள விடமாட்டான். சரியாயிரும்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கலன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொல்லிட்டு அப்புறம் எப்படி மதினி மாத்திச் சொல்றது?"

அன்றைக்கு அவர் வந்தபோதே சொல்லியிருந்தால் ஒரே நாளில் சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் இந்தப் புத்தகத்துக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. "இதை எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி. எனக்குத்தான் தெரியுமே. அமலிகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வேண்டாம் என்று கையால் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார். அமலி ஈரக்கையோடு வந்து நின்றாள். மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டு, முழுவதையும் அவளிடம் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன். அவருடைய வாழ்நாளில் நான் முழுசாக மதித்தது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். அமலி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏம்ப்பா அந்தப் பெட்டியை வாங்குனீங்க என்று மட்டும் கேட்டாள். "அந்த எளைப்பு கேக்காம ஒரு நாளாவது அவளைக் கேக்கணும்னு இருந்துச்சு" என்றார். அவள் அடுப்படிக்குப் போனாள். கொஞ்சம் பொறுத்துக் கஞ்சி கொண்டுவந்து, எப்போதும் போல ஸ்பூனால் ஊட்டிவிட்டாள்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே குழியில்தான் கிடப்பார்கள். முன்னால் போனவருடைய குழியைத் திறந்து, பின்னால் போனவரை மேலே இறக்குவது வழக்கம். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வந்து, தெரேசாம்மா குழியைத் திறந்துடலாமா என்று அமலியிடம் கேட்டார். அமலி என்னைப் பார்த்தாள். "பெரியம்மா சொல்றதுதான்" என்றாள். பங்காளிகள் எல்லாம் நின்றார்கள். திறக்க வேண்டாம் என்றேன். பக்கத்தில் வேறு குழி வெட்டச் சொன்னேன். செத்த பிறகுமா இந்த வன்மம் என்று அவருடைய சித்தப்பா மகன் என் காதுபடவே சொன்னார். அமலியிடம்தான் சொன்னேன்: "சாகும்போது அவளைத் தனியா விட்டாரு. எடுத்தவுடனே மேல போயிப் படுத்துக்க வேணாம்." அமலி குழி வெட்டுகிறவரிடம், "பெரியம்மா சொன்ன எடத்துலயே வெட்டுங்க" என்றாள்.

அப்படியே வெட்டினார்கள். எல்லோரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். அவர் வீட்டில் உப்புப் போட்டுத் தின்றவள், அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அமலியும் நானும் மட்டும் நின்றோம். இரண்டு குழிகளுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்தான் இருந்தது. அமலி அங்கே உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெழுகுவத்தி ஏற்றினாள். அங்கிட்டு ரோட்டில் பஸ் போய் ஓய்ந்ததும் தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை.

போய் வாருங்கள், தம்பி. பக்கத்தில்தான் இருக்கிறாள். மூச்சு விட்டாலும் கேட்கும். இனிமேல் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள்.